2023 கோடைப் படங்களைச் சிங்கப்பூரிலிருந்து திரும்பிப் பார்த்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏது கோடை? இது என்ன கணக்கு?

வெயிலை வைத்துப் பார்த்தால் இங்கே பன்னிரண்டு மாதமும் கோடைதான். சினிமாவில் கோடை என்பது ஹாலிவுட்காரர்கள் போட்ட கணக்கு. அங்கே மே தொடங்கி ஆகஸ்ட் வரை, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதங்களாகப் பார்த்துப் பெரிய படங்களை இறக்குவார்கள். தமிழ்நாட்டில் அது ஏப்ரல், மே. நமக்கு இரண்டுமே சரியாகப் பொருந்தாது. இங்கே யார் எப்போது தியேட்டருக்குப் போகிறார்கள் என்பதை முடிவு செய்வது பொது விடுமுறைகள்.

2023இல் அது அச்சில் வார்த்தது போல அமைந்தது. ‘பொன்னியின் செல்வன் 2’ ஏப்ரல் 28 வெள்ளிக்கிழமை வந்தது, அடுத்த திங்கட்கிழமை மே தினம். மே 27 முதல் ஜூன் 25 வரை பள்ளி விடுமுறை. ஜூன் 2 விசாக தினம், அதையொட்டி அனிமேஷன் ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகம். ஜூன் 29 ஹஜ்ஜுப் பெருநாளன்றே ‘மாமன்னன்’. ஆகஸ்ட் 9 தேசிய தினம், மறுநாள் ‘ஜெயிலர்’. ஆகவே ஏப்ரல் 28இலிருந்து ஆகஸ்ட் பாதி வரை வந்த படங்களைத்தான் இங்கே கோடைப் படங்கள் என்கிறேன்.

வெயிலையும் விட்டுவிட வேண்டாம். அந்த ஆண்டு மே 13 சனிக்கிழமை ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983க்குப் பிறகு இந்தத் தீவு அவ்வளவு சூட்டைப் பார்த்ததில்லை. ‘குட் நைட்’ வெளியான மறுநாள் அது. குளிர்சாதனத்துக்காகவே தியேட்டருக்குள் நுழைந்து, நல்ல படம் பார்த்துவிட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

எத்தனையோ ஆண்டுகள் இருக்க, ஏன் 2023?

கோவிட் முடிந்து, பேருந்திலும் எம்ஆர்டியிலும்கூட முகக்கவசம் கட்டாயமில்லை என்று பிப்ரவரியில் அறிவித்த ஆண்டு அது. தியேட்டருக்குப் போவதை யாரும் யோசித்துச் செய்ய வேண்டியிராத முதல் கோடை. தமிழிலும் ஆங்கிலத்திலும் பேச்சுக்கு இடம் தரும் படங்கள் வாரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இன்னொரு காரணமும் உண்டு. அந்த மே 2ஆம் தேதி ஹாலிவுட் எழுத்தாளர்களும் ஜூலை 14ஆம் தேதி நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பின்விளைவாக 2024 கோடை அங்கே மெலிந்துபோனது. நிறைந்த பந்தி என்று சொல்லத்தக்க கோடை 2023தான்.

‘விடுதலை’ முதல் பாகம் பட்டியலில் இல்லையே? ‘லியோ’?

‘விடுதலை’ மார்ச் 31, ‘லியோ’ அக்டோபர். தேதிதான் காரணம், தரம் அல்ல. ‘விடுதலை’ நான்கு வாரம் தள்ளி வந்திருந்தால் இங்கே பாதி இடத்தை அதுவே பிடித்திருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கோடையின் சிறந்த படம் எது?

‘குட் நைட்’.

‘ஓப்பன்ஹைமர்’ ஏழு ஆஸ்கர் வாங்கியது தெரியும். ‘ஜெயிலர்’ வசூல் தெரியும். இருந்தாலும் விநாயக் சந்திரசேகரனின் இந்தச் சின்னப் படத்தைத்தான் முதலில் வைப்பேன். மணிகண்டன் நடித்த மோகன் ஒரு ஐடி ஊழியர்; அவருக்குக் குறட்டைதான் பிரச்சினை. அலுவலகத்தில் ‘மோட்டார்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். காதலித்த பெண் விலகிப் போகிறாள். பிறகு மீதா ரகுநாத் நடித்த அனுவைக் கல்யாணம் செய்கிறார். அவளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, ஆனால் அதைச் சொல்லவும் மனமில்லை.

இதை இரண்டு மணி நேரச் சிரிப்புத் துணுக்காக எடுத்திருக்கலாம். இயக்குநர் அப்படிச் செய்யவில்லை. முதல் முறை குறட்டை கேட்கும்போது அரங்கமே சிரிக்கிறது. படம் பாதி கடந்த பிறகு அதே சத்தம் கேட்கும்போது யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் இப்போது நாம் அனுவின் பக்கத்தில் படுத்திருக்கிறோம். சத்தம் மாறவில்லை, கேட்கிற நம் இடம் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை ஒரு வசனம்கூட இல்லாமல் கொண்டுவந்தார்கள் பாருங்கள், அதுக்காகத்தான் முதலிடம்.

குறையும் உண்டு. கடைசி அரை மணி நேரம் தேவைக்கு மேல் இழுக்கிறது, இருவரும் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் தீரும் விஷயம் அது. ரமேஷ் திலக் வரும் அக்கா குடும்பத்துக் கதையும், பாலாஜி சக்திவேல் நடித்த வீட்டுக்காரப் பெரியவரும் அந்த இழுவையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

நடிப்பு, கதை என்று பேசாமல் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே?

அந்தக் கோடையே காதுக்கான கோடை என்பதுதான் என் கட்சி. பல ஆண்டு கழித்தும் மனதில் நிற்கும் படங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் நினைவுக்கு வருவது ஒரு காட்சி அல்ல, ஒரு ஒலி. அல்லது ஒலி இல்லாத நேரம்.

‘ஓப்பன்ஹைமர்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1945 ஜூலை 16, உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையான டிரினிட்டி. குண்டு வெடிக்கிறது, திரை முழுக்க நெருப்பு, ஆனால் சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. ஒளி முதலில் வரும், ஒலி பின்னால் வரும் என்பது பள்ளிக்கூட அறிவியல்தான். இருந்தும் வணிகப் படங்களில் வெடியும் சத்தமும் ஒன்றாக வந்தே பழகியிருக்கிறோம். கிறிஸ்டோபர் நோலன் அந்த இடைவெளியை நீட்டுகிறார். பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்ன் பையில் கை விட்டவர் அப்படியே நிறுத்திவிடுகிறார். அப்புறம் அந்த இடி வந்து இருக்கையை உலுக்குகிறது. அதே படத்தில், வெற்றி உரை ஆற்றும் மண்டபத்தில் கூட்டம் பலகையில் காலால் தட்டும் ஓசையும் அப்படித்தான். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் முன்னாலேயே சில இடங்களில் அதைக் கேட்டுவிடுகிறோம், காரணம் பின்னால்தான் தெரிகிறது.

‘மாவீரன்’ முழுக்க முழுக்க ஒரு குரலின் மேல் நிற்கும் படம். கோழையான ஓவியன் தலைக்குள் ஒரு குரல் கேட்கிறது. விஜய் சேதுபதியின் குரல். அது அவனை வீரன் என்று வர்ணித்துக்கொண்டே போகிறது, அவனோ ஓடி ஒளியப் பார்க்கிறான். சிவகார்த்திகேயன் மேலே அண்ணாந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் குரல் அரங்கின் மேற்புறத்திலிருந்து வருவது போல இருக்கும். வீட்டு டிவியில் பார்த்தவர்களுக்கு அந்த வேடிக்கை பாதிதான் கிடைத்திருக்கும்.

‘மாமன்னன்’ படத்தில் வடிவேலு பாடிய ‘ராசா கண்ணு’ மே மாதமே வெளியாகிவிட்டது. ஏ.ஆர். ரஹ்மான் இசை, யுகபாரதி வரிகள். படம் வருவதற்கு ஆறு வாரம் முன்பே அந்தக் குரல், நாம் சிரிப்பதற்காகவே பழகிய குரல், நம்மை வேறு மனநிலைக்குத் தயார் செய்துவிட்டது.

ஸ்பைடர்மேன் கண்ணுக்கான படம் என்று நீங்கள் மடக்கலாம். சரிதான். ஆனால் அதுகூட நாயகனின் தோழி க்வென் டிரம்ஸ் அடிப்பதில்தானே தொடங்குகிறது.

‘மாமன்னன்’ ஏன் இவ்வளவு பேசப்பட்டது? எனக்கு இரண்டாம் பாதி அலுப்பாக இருந்தது.

எனக்கும்தான். தேர்தல் வந்ததும் படம் வழக்கமான தடத்தில் போய்விடுகிறது. ஆனால் முதல் பாதியில் உள்ள ஒரு நாற்காலிக் காட்சி போதும்.

மாமன்னன், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட காசிபுரம் தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். கட்சியில் பெரிய புள்ளியான ரத்னவேலுவின் இடத்துக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிறார்கள். மகன் உட்கார்ந்திருக்கிறான், அப்பா நிற்கிறார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை, அவருக்கு அங்கே நின்றுதான் பழக்கம். மகன் உட்காருங்கள் என்கிறான். வடிவேலு முகத்தில் அந்த நேரத்தில் தெரிவது கோபமும் அல்ல, பயமும் அல்ல. பிள்ளை இதைக் கவனித்துவிட்டானே என்ற கூச்சம். முப்பது ஆண்டுக்கும் மேலாக உடம்பை வைத்துச் சிரிக்க வைத்த நடிகர், ஒரு விரலைக்கூட அசைக்காமல் நடித்த காட்சி அது. ‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலு நடித்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று இயக்குநர் மாரி செல்வராஜ் பாடல் வெளியீட்டு விழாவில் சொன்னதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் கனக்கும்.

ரத்னவேலுவாக நடித்த ஃபகத் ஃபாசில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜூலை கடைசியில் படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும், அவர் நடித்த சாதி வெறியனையே நாயகனாக்கி, சாதிப் பாட்டு போட்டு வீடியோக்கள் பரவின. வில்லனுக்கு அவ்வளவு மிடுக்கு கொடுத்தது இயக்குநரின் தவறு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தோற்ற நாயை அடித்துக் கொல்பவனாக அறிமுகமாகும் ஒருவனைக் கொண்டாடுகிறவர்களுக்குப் படம் என்ன செய்தாலும் போதாது.

சீன நண்பர் ஒருவரை அழைத்துப் போனேன். தனித்தொகுதி என்றால் என்னவென்று விளக்கவே படம் முடிந்துவிட்டது!

அடுத்த முறை, பலர் ஒரு குழுவாகப் போட்டியிடும் நம் ஊர்க் குழுத்தொகுதியிலிருந்து தொடங்குங்கள். குழுவில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்ற விதி 1988 முதல் இங்கே உண்டு, அது அவருக்குத் தெரிந்திருக்கும். தனித்தொகுதியில் வாக்களிப்பது எல்லோரும், போட்டியிடுவது மட்டும் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்று சொன்னால் பிடித்துக்கொள்வார். அதன் பிறகு அவரே கேட்பார், வென்று வந்தவர் ஏன் நிற்கிறார் என்று. படம் கேட்பதும் அதைத்தான்.

தமிழ் தெரியாதவரோடு பார்க்க இதைவிட எளிதான படம் ‘போர் தொழில்’. இங்கே தமிழ்ப் படங்கள் ஆங்கில வசன வரிகளோடுதான் வருகின்றன, துப்பறியும் கதைக்கு அது போதும்.

‘மாவீரன்’ பார்க்கும்போது எங்கள் புளோக் ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. நம்மில் பத்துக்கு எட்டுப் பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீட்டில் இருக்கிறோம். குடிசையில் இருந்தவர்களை அடுக்குமாடிக்கு மாற்றிய கதை நம் தாத்தா பாட்டி கதை. அதனால்தான் அந்தப் படம் இங்கே வேறு மாதிரி வேலை செய்தது.

இயக்குநர் மடோன் அஸ்வின் காட்டும் ‘மக்கள் மாளிகை’யில் சுவர் கையோடு வருகிறது. கதவுப் பிடி பிடித்தால் கதவே வருகிறது. யோகி பாபு பூசிப் பூசி மறைக்கிறார். சென்னைவாசிகளுக்கு 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் தொட்டால் உதிர்ந்த சுவர்கள் நினைவுக்கு வந்திருக்கும். இங்கே பழைய புளோக்குகளில் குளியலறைக் கூரையில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் நம்முடைய சிரிப்பு கொஞ்சம் பாதுகாப்பான சிரிப்பு. பெயர்ந்தால் நகர மன்றத்தையோ வீவகவையோ அழைப்போம், யாராவது வந்து பார்ப்பார்கள். படத்தில் வரும் மக்களுக்கு அழைப்பதற்கு எண்ணே இல்லை. சரிதா நடித்த அம்மா ஒவ்வொரு முறையும் சண்டைக்குக் கிளம்புவதும், மகன் அவரை அடக்குவதும் எதனால் என்று அங்கேதான் புரிகிறது. அந்த ஆண்டு கோவிட் தாமதத்தால் பிடிஓ வீட்டுக்காக (முன்பதிவுக்குப் பிறகு கட்டித் தரும் புது வீவக வீடு) காத்திருந்த இளம் தம்பதிகள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குப் படம் எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மிஷ்கின் வில்லனாக அட்டகாசம். முடிவு மட்டும் நாயகப் படத்துக்குத் தரப்பட்ட வாடகை.

‘பொன்னியின் செல்வன் 2’ நாவலைக் கெடுத்துவிட்டது என்கிறாரே என் மாமா?

உங்கள் மாமா ஐந்து பாகத்தையும் படித்தவர் என்று நினைக்கிறேன். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 1950இல் தொடங்கி ‘கல்கி’ இதழில் மூன்றரை வருடம் வந்த கதையில் சேந்தன் அமுதன் பற்றிய முடிச்சு பெரிய முடிச்சு. படம் அதைக் கைவிட்டது. மதுராந்தகன் கதை நேராகப் போய்விடுகிறது. வந்தியத்தேவனின் குறும்பும் முதல் பாகத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

பதிலுக்கு மணிரத்னம் வேறொன்றை எடுத்துக்கொண்டார். இது சோழ நாட்டுக் கதை அல்ல, நந்தினியும் ஆதித்த கரிகாலனும் என்று முடிவு செய்துவிட்டார். இளம் வயதுக் காதலில் படத்தைத் தொடங்குகிறார். கடம்பூர் மாளிகையில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் கடைசியாகச் சந்திக்கும் காட்சிக்குத்தான் எல்லாம் போய்ச் சேர்கிறது. மங்கிய விளக்கொளியில் ஒளிப்பதிவாளர் ரவி வர்மன் இருவரின் முகத்தையும் விட்டு நகர்வதே இல்லை. நாவலில் கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி மூடுமந்திரமாக வைத்தார். படம் யார் என்று கேட்காமல், இருவரில் யார் அதிகம் சாக விரும்பினார்கள் என்று கேட்கிறது. மாமாவிடம் இந்தக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுங்கள்.

‘போர் தொழில்’ பற்றி?

ஜூன் 9 வந்தது. விளம்பரம் குறைவு, வாய்வழிப் பேச்சில் ஓடியது. திருச்சி வட்டாரத்தில் தொடர் கொலைகள். முரட்டு அதிகாரியாக சரத்குமார், புத்தகப் புழுவான புதுப் பையனாக அசோக் செல்வன். விக்னேஷ் ராஜாவுக்கு முதல் படம் என்று நம்ப முடியாது. இருவரும் பேசிக்கொள்ளும் தோரணையே பாதிப் படம். மே 22 அன்று காலமான சரத்பாபு இதில் இருக்கிறார், அவர் மறைந்த மூன்றாவது வாரம் படம் வந்தது. அவருடைய கடைசிக் காலப் படங்களில் எதையாவது பார்க்க வேண்டும் என்றால் இதைப் பாருங்கள். இதற்கு மேல் சொன்னால் கதையைச் சொன்னதாகிவிடும்.

‘ஜெயிலர்’ நல்ல படமா, கெட்ட படமா?

இடைவேளை வரை மிக நல்ல படம்.

நெல்சன் செய்த கெட்டிக்காரத்தனம், ரஜினியை வயதானவராகவே காட்டியது. பேரனின் யூடியூப் சேனலுக்கு வீடியோ எடுத்துக்கொடுக்கும் தாத்தா. வீட்டில் யாரும் அவரைப் பெரிதாக மதிப்பதில்லை. பணி ஓய்வு பெற்ற நம் வீட்டுப் பெரியவர்கள் பலரை அப்படியே பார்க்கலாம். அந்த மனிதருக்கு ஒரு பழைய முகம் இருந்தது என்று குடும்பம் முதல்முறையாகப் பார்க்கும் இடைவேளைக் காட்சி இருக்கிறதே, மனைவியும் மருமகளும் உறைந்து போய் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் இருப்பார், அனிருத் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். அந்தக் காட்சிக்கு ஆகஸ்ட் 10 அன்று எழுந்த விசிலை இங்கே தீபாவளி நேரத்தில்கூட அடிக்கடி கேட்டதில்லை.

பின்பாதி வேறு படம். மோகன்லால், சிவராஜ்குமார், ஜாக்கி ஷெராஃப் என்று ஒவ்வொருவராக வந்து நடந்துவிட்டுப் போகிறார்கள். நடை நன்றாகத்தான் இருக்கிறது. விநாயகன் மட்டும் கடைசி வரை அலுக்காத வில்லன்.

சிங்கப்பூர் தியேட்டரில் இடைவேளை விடுவதில்லையே. படத்துக்கு நல்லதா?

பெரும்பாலான மல்டிபிளெக்ஸ்களில் ‘இடைவேளை’ என்று எழுத்து வந்து மறைந்ததும் அடுத்த காட்சி ஓட ஆரம்பித்துவிடும். புதிதாக வந்தவர்கள் எழுந்து நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி உட்காருவதை இன்றும் காணலாம்.

தமிழ்ப் படங்கள் இடைவேளையை நம்பி எழுதப்படுகின்றன. நடுவில் ஒரு பெரிய அடி, பிறகு பதினைந்து நிமிடம் டீ குடித்துக்கொண்டே அதைப் பற்றிப் பேச்சு, பிறகு மெதுவாக மறுபடி தொடக்கம். இங்கே அந்தப் பதினைந்து நிமிடம் இல்லாததால், பின்பாதியின் மெதுவான தொடக்கம் மொட்டையாகத் தெரியும். ‘ஜெயிலர்’ பின்பாதி சோர்வாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ‘போர் தொழில்’ போன்ற இறுக்கமான படத்துக்கோ இடைவேளை இல்லாததே லாபம். மூன்று மணி நேர ‘ஓப்பன்ஹைமர்’ விஷயத்தில், பெரிய குளிர்பானம் வாங்காமல் போவதே புத்திசாலித்தனம்.

‘பார்பி’யும் ‘ஓப்பன்ஹைமர்’ படமும் ஒரே நாளில் பார்த்தவர்களை என்ன சொல்வது?

இளம் வயது என்று சொல்லலாம். ஜூலை மூன்றாம் வாரம் இரண்டும் ஒன்றாக வந்தன. ஒன்று பொம்மை, இன்னொன்று அணுகுண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஒரு திருவிழாவாகிவிட்டது. எதிரெதிரே நிற்கும் இரண்டு படங்கள் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. தமிழில் பொங்கலுக்கு இரண்டு நட்சத்திரங்கள் மோதினால் சண்டைதான் மிஞ்சும், இங்கே அப்படி நடக்கவில்லை. ‘பார்பி’ உலக அளவில் 140 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டி அந்த ஆண்டின் முதலிடத்துக்குப் போனது. எனக்கு அதில் பிடித்தது முதல் அரை மணி நேரமும் ரையன் கோஸ்லிங்கும். பின்னால் வரும் பேச்சுகள் நல்ல பேச்சுகள்தான், ஆனால் பேச்சுகள்.

‘ஓப்பன்ஹைமர்’ படத்தை 70 மில்லிமீட்டர் ஐமேக்ஸ் பிலிமில் காட்டிய அரங்குகள் உலகத்திலேயே 30தான். சிங்கப்பூரில் ஒன்றும் இல்லை. இங்கே டிஜிட்டல் ஐமேக்ஸ்தான், ஆர்ச்சர்டில் உள்ள ஷா லிடோ போன்ற இடங்களில். அது போதுமா என்று கேட்டால், படத்துக்குப் போதும். ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப் கடைத்தொகுதியிலும் ஒரு ஐமேக்ஸ் இருந்தது. அந்தக் கட்டடம் அதே ஆண்டு ஆகஸ்ட் 6இல் மூடப்பட்டது, இப்போது அங்கே கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) எழுகிறது.

பாவம் டாம் க்ரூஸ். ‘மிஷன் இம்பாசிபிள்’ ஒரு வாரம் முன்னால் வந்தது. மோட்டார் சைக்கிளோடு மலையிலிருந்து குதித்தும் அதன் ஐமேக்ஸ் திரைகளை நோலன் வந்து வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகளோடு பார்க்க எது?

ஜூன் விடுமுறைக்கு வந்தவற்றில் ஸ்பைடர்மேன் படம்தான் சிறந்தது. ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு ஓவியப் பாணி. க்வென் வீட்டுச் சுவர்கள் அவள் மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறி, ஈரமான வண்ணம் போல வழிகின்றன. அப்பாவும் மகளும் பேசும் காட்சியில் பின்னணியைக் கவனியுங்கள். கதை பாதியில் நிற்கிறது என்று எட்டு வயதுக்காரர்கள் கோபப்படுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

‘எலிமென்டல்’ பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 3 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை, தோல்வி என்று எழுதிவிட்டார்கள். அது மெல்ல மெல்ல ஓடி உலகளவில் 50 கோடி டாலரை நெருங்கியது. நியூயார்க்கில் மளிகைக் கடை வைத்திருந்த தன் கொரியப் பெற்றோரை நினைத்து பீட்டர் சோன் எடுத்த படம். அப்பா கட்டிய கடையை மகள் ஏற்று நடத்த வேண்டும், மகளுக்கு வேறு ஆசை. சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கடை வைத்திருக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு இப்போதும் சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்டிருக்கிறது. காதல் கதையாகச் சுமார்தான். கடைக் கதையாகப் பாருங்கள்.

வயது வரம்பு ஏன் சென்னையில் ஒன்று, இங்கே ஒன்று?

அங்கே இந்தியத் தணிக்கை வாரியம், இங்கே தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். இரண்டும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்கின்றன. அங்கே ‘யுஏ’ என்பதால் இங்கேயும் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்துச் சீட்டு வாங்காதீர்கள். பிஜி13 வரை அறிவுரைதான். என்சி16, எம்18, ஆர்21 என்றால் வயது குறைந்தவரை உள்ளே விட மாட்டார்கள், அப்பா அம்மா கூட வந்தாலும்.

ஏமாற்றிய படங்கள்?

‘தி ஃபிளாஷ்’, ‘ஃபாஸ்ட் எக்ஸ்’. ஹாரிசன் ஃபோர்டின் கடைசி இண்டியானா ஜோன்ஸ் ஏமாற்றம் என்பதைவிட வருத்தம்.

சின்னத் தமிழ்ப் படங்கள் இங்கே ஒரு வாரத்தில் காணாமல் போய்விடுகின்றனவே?

திரை கிடைப்பதில்லை. சின்னப் படத்துக்கு நாளைக்கு ஒன்றிரண்டு காட்சி, அதுவும் வேலை நாளில் இரவு பத்து மணிக்குக் கொடுப்பார்கள். நல்ல படம் என்று பேச்சு பரவ ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் அடுத்த பெரிய படம் வந்து இடத்தைப் பிடித்துவிடும். ‘குட் நைட்’, ‘போர் தொழில்’ இரண்டும் அந்த ஒரு வாரத்தைத் தாண்டுவதற்குள் படாத பாடு பட்டன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுப்பு கிடைக்கும் ஊழியர்களுக்கு இன்னும் சிரமம். அவர்களுக்குச் சின்னப் படத்தைப் பார்க்கக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு.

அரங்குகளும் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. கேத்தே நிறுவனம் ஆர்ச்சர்ட் சினிலெஷர் அரங்கை 2023 ஜூன் கடைசியோடு மூடியது, அதாவது நாம் பேசும் அதே கோடையில். 2025 செப்டம்பரில் கேத்தேயின் மிச்சமிருந்த அரங்குகளும் போயின. கோல்டன் மைல் டவரில் மாற்றுச் சினிமாவுக்குப் பேர் பெற்ற தி புரொஜெக்டரும் அதற்கு முந்தைய மாதமே கதவைச் சாத்தியது. இருக்கும் திரைகளில் இடம் பிடிப்பது சின்னப் படங்களுக்கு 2023ஐவிட இப்போது கடினம். பிடித்த படம் என்றால் முதல் சனி, ஞாயிறிலேயே போய்விடுங்கள். சீட்டு இரண்டு மூன்று சிங்கப்பூர் டாலர் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் ஒரு வார இறுதியில் நாலு படம் பார்க்கலாம் என்றால், எந்த வரிசை?

சனி மதியம் ‘மாவீரன்’, எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். அன்று இரவு ‘போர் தொழில்’, பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஞாயிறு காலை ‘மாமன்னன்’. சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் பின்பாதியில் கண் சொக்கும். ஞாயிறு மாலை ‘குட் நைட்’.

‘மாமன்னன்’ நெட்ஃபிளிக்ஸிலும், ‘மாவீரன்’, ‘ஜெயிலர்’, ‘பொன்னியின் செல்வன் 2’ அமேசான் பிரைமிலும், ‘போர் தொழில்’ சோனி லிவ்விலும் வெளியாகின. ஓடிடி உரிமை நாட்டுக்கு நாடு மாறும், சந்தா கட்டுவதற்கு முன் இங்கே கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவதாக ‘ஓப்பன்ஹைமர்’ சேர்த்துக்கொள்ளலாம் என்றால், இரவு பத்தரைக்கு மேல் வேண்டாம். டிரினிட்டி காட்சியில் சத்தம் இல்லையே என்று ஒலியைக் கூட்டி வைத்திருப்பீர்கள், அப்புறம் அந்த இடி வரும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அந்த நேரம்தான் கிடைக்கும் என்றால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.